தீப்பொறியா, பெட்ரோலா? நின்றுபோன படகு எஞ்சினில் பிழை தேடுதல்

படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டப்படாமல், உடலுக்குள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டு, நீண்ட தண்டு ஒன்றின் வழியே நீருக்கடியில் உள்ள புரொப்பெல்லரைச் சுழற்றும் எஞ்சினை இன்போர்டு எஞ்சின் என்பர். தமிழகக் கடற்கரையின் விசைப்படகுகளில் இருப்பவை டீசல் எஞ்சின்கள். அவற்றில் காற்று இறுக்கி அழுத்தப்படும்போது எழும் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்வதால் தீப்பொறிக்குத் தேவையில்லை. அமெரிக்காவின் நடுத்தரப் பாய்மரப் படகுகளிலோ பல பத்தாண்டுகள் கோலோச்சியது ஒரு பெட்ரோல் எஞ்சின். விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரைச் சேர்ந்த யுனிவர்சல் மோட்டார் நிறுவனம் 1940களின் பிற்பகுதியிலிருந்து 1984 வரை தயாரித்த அட்டாமிக் 4 என்னும் அந்த எஞ்சின், நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ 1.06 லிட்டர் கொள்ளளவும் 30 குதிரைத்திறனும் உடையது. சுமார் 40,000 எஞ்சின்கள் விற்பனையாயின. உற்பத்தி நின்று நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அவற்றுள் பல இன்றும் ஓடிக்கொண்டிருப்பதால், பெட்ரோல் இன்போர்டு எஞ்சினின் நோய்களை அறிய அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

பாய்மரப் படகின் எஞ்சின் காற்று வீசாத வேளையிலும் நெருக்கடியான துறைக்குள் நுழையும் வேளையிலும் மட்டுமே வேலை செய்கிறது. மற்ற நாள்களெல்லாம் உப்புக்காற்றும் ஈரமும் தேங்கிய இருட்டறையில், டேங்கில் பழைய பெட்ரோலை வைத்துக்கொண்டு சும்மா கிடக்கிறது. இதனால்தான் அது பழுதாகும்போது பிஸ்டனோ கிராங்க் தண்டோ உடைந்திருப்பது அபூர்வமாகவும், பச்சை பூத்த ஒரு மின்னிணைப்போ ஜெட்டை அடைத்த ஒரு துளி வண்டலோ காரணமாக இருப்பது வழக்கமாகவும் உள்ளது. அடுத்தடுத்துப் புதுப் பாகங்களை வாங்கி மாட்டிப் பார்க்கும் பழக்கம் பணத்தை வீணாக்குவதோடு, ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றிவிடுவதால் உண்மைக் காரணத்தையும் மறைத்துவிடுகிறது. மின்சாரமும் பெட்ரோலும் எந்த இடம்வரை வந்து சேர்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்று படிப்படியாகத் தேடுவதே சரியான வழி.

ஆனால் எந்தச் சோதனைக்கும் முன்பாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சாலையில் நிற்கும் காரிலிருந்து கசியும் ஆவி தரைவழியே கலைந்துபோகும். படகிலோ அது பில்ஜ் எனப்படும் அடிப்பள்ளத்தில் இறங்கி, வெளியேற வழியின்றித் தேங்கி, ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி பெட்ரோல் படகுகளில் ஒட்டப்படும் எச்சரிக்கை வாசகம், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் புளோயர் என்னும் காற்றுவெளியேற்றியை 4 நிமிடங்கள் ஓடவிட்டு, எஞ்சின் அறையின் அடியில் ஆவி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. நான்கு நிமிடம் ஓடியதே போதும் என்று எண்ணாமல், மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதும் அவசியம். இதே காரணத்தால்தான் கடல்சார் எஞ்சின்களின் டிஸ்ட்ரிபியூட்டரும் ஆல்டர்னேட்டரும் உள்ளே எழும் பொறி வெளியாவியைப் பற்றவைக்காதபடி அமைக்கப்படுகின்றன. கார்புரேட்டரின் வாயில் தீத்தடுப்பு வலையும் பொருத்தப்படுகிறது. விலை குறைவு என்று காருக்குரிய பாகங்களைப் படகில் மாட்டுவது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

அடுத்து எழுப்பவேண்டிய வினா, எஞ்சின் எப்படி நின்றது என்பதாகும். சாவியைத் திருப்பி அணைத்தாற்போல ஒரே நொடியில் அடங்கியதென்றால் சந்தேகம் தீமூட்டும் மின்சுற்றின்மேல் விழவேண்டும். இழுவை குறைந்து, திணறி, மீண்டும் சற்று எழுந்து, பிறகு மெல்ல ஓய்ந்ததென்றால் பெட்ரோல் வரத்து குறைந்திருக்கிறது என்பது பொருள். சுழற்சி வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரும் இங்கே நம்பத்தக்க சாட்சி சொல்லும். பெரும்பாலான படகுகளில் அது, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை எழுப்பும் இக்னிஷன் காயிலின் எதிர்முனையிலிருந்து குறிப்பு பெறுவதால், காயிலுக்கு வரும் மின்சாரம் அறுந்தவுடனே, எஞ்சின் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே, முள் சுழிக்கு விழுந்துவிடுகிறது. பெட்ரோல் தீர்ந்து நிற்கும் எஞ்சினிலோ முள் எஞ்சினோடு சேர்ந்து படிப்படியாக இறங்குகிறது. எஞ்சின் அடங்கும் அந்தச் சில நொடிகளில் முள்ளைக் கவனித்தவர் பாதித் தேடலை முடித்துவிட்டார் என்றே சொல்லலாம்.

தீமூட்டும் அமைப்பு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த முறையைத் தழுவியது. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சாவி வழியாகக் காயிலின் முதற்சுற்றுக்குப் போய், அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் என்னும் சிறு மின்தொடுப்பின் வழியே எஞ்சின் உடலில் முடிகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் திரள்கிறது. சுழலும் கேம் அதைத் திறக்கும் கணத்தில் புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் எழுகிறது. அது தடித்த கம்பி வழியே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வந்து, ரோட்டர் சுட்டும் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுழற்சியில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 4,000 பொறிகள் தேவை என்பதை நினைத்தால், ஒரு மில்லிமீட்டரில் பாதியே உள்ள பாயிண்ட் இடைவெளியை அளவுத்தகடு வைத்துச் சரிபார்க்கச் சொல்வது ஏன் என்பது விளங்கும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பதை ஒரு வோல்ட்மீட்டர் சொல்லிவிடும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைத் திருப்பி, காயிலின் நேர்முனையை அளந்தால், வெளியே தனித் தடை பொருத்தப்படாத காயிலில் ஏறத்தாழ பேட்டரியின் அழுத்தமே தெரியவேண்டும். பாயிண்ட் திறந்திருக்கும்போது அளந்தால் பழுதான இணைப்பும் நல்லதாகவே தோன்றும். மின்னோட்டம் பாயும்போதுதான் துருப்பிடித்த மூட்டின் தடை வெளிப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய படகுகளில் மின்சாரம் எஞ்சினிலிருந்து ஓட்டுநர் பலகைவரை போய், அம்மீட்டரையும் சாவியையும் கடந்து மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புவதால், வழியில் உள்ள ஒவ்வொரு செருகியும் திருகும் ஒரு சந்தேக இடம். காயிலில் 10 வோல்ட்டுக்கும் குறைவாக இருந்தால் காயிலைக் குறை சொல்லாமல் அந்தப் பாதையைப் பின்னோக்கி அளந்துகொண்டே போகவேண்டும். அளந்து முடித்ததும் சாவியை மூடிவிட வேண்டும். மூடிய பாயிண்டோடு நெடுநேரம் விட்டால் காயில் சூடேறிக் கெடும்.

எதிர்முனையில் பாயிண்ட் மூடியிருக்கும்போது சுழியும், திறந்திருக்கும்போது முழு அழுத்தமும் தெரிந்தால் முதற்சுற்று நலமாக உள்ளது. பாயிண்டின் முகம் கருகியோ குழிந்தோ இருந்தால் அதனோடு இணைந்த கண்டென்சரையும் ஐயுறவேண்டும். பாயிண்ட் திறக்கும்போது பொறி தாவாமல் காப்பது அதன் வேலை. இவை சரியாக இருந்தும் பிளக்கில் பொறி மங்கி மஞ்சளாகத் தெரிந்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் ஈரமோ, மின்சாரம் ஊர்ந்து சென்ற கருங்கோடோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பனி பெய்த காலையில் கிளம்ப மறுத்து, வெயிலேறியதும் கிளம்பும் எஞ்சினின் நோய் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். உலர்ந்த துணியால் துடைப்பதே அதற்கு மருந்து. பொறியைச் சோதிக்கக் கம்பியை எஞ்சின் உடலுக்கருகே பிடித்துத் தாவவிடும் பழைய வழக்கம் படகுக்கு ஒவ்வாது. பொறி மூடிய குழலுக்குள் எழும் சோதனைக் கருவியை, அறையைக் காற்றாட விட்ட பிறகே பயன்படுத்தவேண்டும். பிளக் கம்பிகளைக் கழற்றியவர் மீண்டும் மாட்டும்போது, அட்டாமிக் 4இன் எரிவரிசை 1, 2, 4, 3 என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

பொறி வலுவாக இருந்தும் எஞ்சின் எழவில்லையென்றால் பார்வை பெட்ரோல் பக்கம் திரும்பவேண்டும். அட்டாமிக் 4இன் கார்புரேட்டர் அடியிலிருந்து மேலாகக் கலவையை ஏற்றும் வகையைச் சேர்ந்தது. அதன் கிண்ணத்தில் மிதவை ஒன்று பெட்ரோல் மட்டத்தைக் காக்க, ஜெட் எனப்படும் நுண்துளைகள் அதை அளந்து காற்றோடு கலக்கின்றன. மெல்ல ஓடும்போது ஐடில் ஜெட்டும், இழுவையின்போது மெயின் ஜெட்டும் வேலை செய்வதால், எந்த வேகத்தில் எஞ்சின் தடுமாறுகிறது என்பதே எந்தத் துளை அடைபட்டுள்ளது என்பதைக் காட்டிக்கொடுக்கும். சோக் எனப்படும் காற்றடைப்பைச் சற்றே மூடியவுடன் எஞ்சின் தெளிவாக ஓடத் தொடங்கினால், கலவையில் பெட்ரோல் குறைவு என்பது உறுதி. மிதவையின் ஊசி சிக்கிக்கொண்டாலோ இதற்கு நேர்மாறாகப் பெட்ரோல் வழிந்து தீத்தடுப்பு வலை வழியே சொட்டும். அது எஞ்சின் கோளாறு என்பதைவிடத் தீ ஆபத்து என்றே கொள்ளத்தக்கது.

கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றி, வெளிவருவதைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்துப் பார்ப்பது எளிய, ஆனால் மிகப் பயனுள்ள சோதனை. தண்ணீர் இருந்தால் அது அடியில் தனியே உருண்டு நிற்கும். அமெரிக்காவில் பெரும்பாலான பம்புகளில் விற்கப்படும் பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. 15 டிகிரி செல்சியஸ் அளவில் இந்தக் கலவை சுமார் அரை விழுக்காடு நீரைத் தாங்கும், அதாவது 100 லிட்டர் டேங்கில் அரை லிட்டர். அதைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனிப்படலமாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாய் அடிப்பகுதியில் இருப்பதால் எஞ்சினுக்கு முதலில் போய்ச் சேர்வது அந்தப் படலமே. பிரிந்ததைக் குலுக்கிக் கலக்க முடியாது. எந்த மருந்தும் அதை மீட்காது. டேங்கைக் காலிசெய்வது ஒன்றே வழி. இந்தியாவிலும் இன்று பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுவதால், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தப்படும் எந்த எஞ்சினுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

எஞ்சின் அரைமணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு பசித்து நிற்கும் நோய்க்குக் காரணம் பல நேரங்களில் டேங்கின் காற்றுக்குழாயாக இருக்கும். பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வரவேண்டும். குழாயின் வாயில் ஒரு குளவி மண்கூடு கட்டிவிட்டால் டேங்கில் வெற்றிடம் உருவாகி, பம்பு இழுக்க முடியாமல் தோற்றுப்போகும். டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்ற ஓசை எழுந்து, அதன் பின் எஞ்சின் வழக்கம்போல் ஓடினால் வேறு சோதனை வேண்டியதில்லை. உறிஞ்சு குழாயின் நுனிவலையில் சேரும் வண்டலும், குழாய் உடைந்தால் பெட்ரோல் தானாக வழிந்துவிடாமல் காக்கும் வால்வு பாதி திறந்த நிலையில் சிக்கிக்கொள்வதும் இதே அறிகுறியையே காட்டும்.

மின்பம்பு பொருத்தப்பட்ட எஞ்சின்களில் ஆயில் அழுத்தம் எழுந்தால்தான் பம்புக்கு மின்சாரம் தரும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று உண்டு. சாவி திறந்திருக்க எஞ்சின் நின்றுவிட்டால், பம்பு தொடர்ந்து ஓடிப் பெட்ரோலைப் படகுக்குள் கொட்டிவிடக்கூடாது என்பதற்காக அமைந்த அரிய ஏற்பாடு அது. அந்த ஸ்விட்சே பழுதானால் பம்பு இயங்காது. அப்போது புதுப் பம்பு வாங்கியும் பயனிருக்காது. சோதனைக்காகச் சில நிமிடம் அதைக் கடந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் நிரந்தரமாக அதை விலக்கிவிட்டு ஓட்டுவோர், வசதியாயிருக்கிறது என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

மிகக் கடினமான வழக்கு, சூடேறினால் நின்று, ஆறினால் கிளம்பும் எஞ்சின். சூட்டில் காயிலின் உட்சுற்று செயலிழப்பதும், சூடான குழாயில் பெட்ரோல் ஆவியாகி வரத்தைத் தடுக்கும் வேப்பர் லாக்கும் ஏறக்குறைய ஒரே தோற்றம் தருவன. எஞ்சின் ஆறிய பிறகு எதை அளந்தாலும் எல்லாம் நலமாகவே தெரியும் என்பதால், நின்ற அந்த நிமிடத்திலேயே பொறி இருக்கிறதா என்று பார்ப்பதே இவற்றைப் பிரித்தறியும் ஒரே வழி. கையில் தொட முடியாத சூட்டில் காயில் இருந்து, பொறியும் இல்லையென்றால் குற்றவாளி அதுவே. எஞ்சின் உடலிலிருந்து விலக்கி, குளிர்ந்த பலகைச் சுவரில் காயிலைப் பொருத்துவது நீண்டகாலத் தீர்வு.

பிழை தேடும் ஆர்வத்தில் ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் சுழற்றுவோர் அறியவேண்டிய ஆபத்து வேறொன்றும் உள்ளது. எஞ்சின் சுழலும்போதெல்லாம் குளிர்விக்கும் கடல்நீரையும் பம்பு இழுத்துப் புகைக்குழாய்க்குள் செலுத்துகிறது. எஞ்சின் எரிந்து ஓடினால் புகையின் வேகமே அந்நீரை வெளியே தள்ளிவிடும். எரியாமல் வெறுமனே சுழன்றால் நீர் சைலன்சரில் நிரம்பி, வழிந்து, வால்வுகளின் வழியே சிலிண்டருக்குள் புகும். சிறு மின்கோளாறு இவ்வாறு பெருஞ்செலவாக மாறுவது உண்டு. எனவே நெடுநேரம் சுழற்ற நேரும்போது கடல்நீர் வரும் வால்வை முதலில் மூடிவிடவேண்டும். எஞ்சின் பற்றிக்கொண்ட உடனே அதைத் திறந்துவிடவும் வேண்டும், ஏனெனில் நீரின்றி ஓடும் பம்பின் ரப்பர்ச் சக்கரம் விரைவிலேயே கருகிவிடும். நீர் ஏற்கெனவே புகுந்துவிட்டதென்றால், பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைச் சுழற்றி நீரை வெளியேற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு, துரு ஏறுமுன் அன்றைக்கே எஞ்சினைக் கிளப்பி நன்கு சூடேறும்வரை ஓடவிடவேண்டும்.