புதிய 911 வரும்போது பழைய 911க்கு என்ன நேருகிறது?

புதிய வாகனம் ஒன்று விற்பனை நிலையத்தின் வாயிலைக் கடந்து வீதிக்கு வந்த கணத்திலிருந்தே அதன் பெறுமதி குறையத் தொடங்கிவிடுகிறது என்பதை வாகனம் வாங்கிய எவரும் அறிவர். அதே வாகனத்தின் அடுத்த மொடல் வெளிவந்துவிட்டால் இச்சரிவு மேலும் விரைவடைகிறது. புதியது கூடிய வேகமும் கூடிய பாதுகாப்பும் குறைந்த எரிபொருட் செலவும் கொண்டதாக இருக்கையில் பழையதற்கு முன்னைய விலையைக் கொடுக்க எவரும் முன்வரப் போவதில்லை. பொதுவான விதி இதுவே. ஆயினும் ஸ்போர்ட்ஸ் கார்களின் சந்தையை உற்றுநோக்கும்போது இவ்விதி அடிக்கடி பொய்த்துப்போவதையும், சில வேளைகளில் முற்றிலும் தலைகீழாகிவிடுவதையும் நாம் காண்கிறோம். பல்லாயிரம் டொலர்களைச் சிலர் இழப்பதற்கும் வேறு சிலர் ஈட்டுவதற்கும் காரணமான இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

எமது நாட்டு வாசகர்களுக்கு இதன் ஒரு பக்கம் அனுபவத்தில் தெரிந்ததே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டதிலிருந்து, தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில் நீக்கப்படும் வரையிலான ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலத்தில், புதியது வராத காரணத்தால் பழையதன் விலை ஏறிய விந்தையை நாம் அனைவரும் கண்டோம். பல வருடங்கள் ஓடிய ஜப்பானியக் கார், வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறியது. அதற்குக் காரணம் வெறும் தட்டுப்பாடு. நாம் இங்கு ஆராய முற்படுவதோ, பணம் உள்ளவர்களுக்குப் புதியது தாராளமாகக் கிடைக்கும் நாடுகளிலேயே பழையதன் விலை ஏறுகின்ற விடயத்தைப் பற்றியதாகும்.

இதற்கு மிகவும் பொருத்தமான உதாரணம் ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் தயாரிக்கும் 911 ஆகும். 1963இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட இக்கார், அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தன் அடிப்படை உருவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எஞ்சின் அன்றுபோலவே பின்சக்கர அச்சுக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறது. தலைமுறைகள் மாறும்போது பெயர் மாறுவதில்லை. நிறுவனத்தின் உள்வழக்கிலுள்ள இலக்கம் மாத்திரமே மாறுகிறது. ஆகவே ஒரு தலைமுறையை மற்றொன்றுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது வேறெந்தக் காரை விடவும் இக்காரில் இலகுவானது. வாங்குவோரும் அவ்வாறே ஒப்பிட்டு, எது எதனைவிட மேலானது என்று ஓயாது விவாதித்துக்கொண்டிருக்கின்றனர்.

ஆரம்பத்திலிருந்து 1998 வரை 911இன் எஞ்சின் காற்றினாலேயே குளிர்விக்கப்பட்டு வந்தது. தண்ணீர்த் தாங்கியும் ரேடியேட்டரும் அதற்கில்லை. அவ்வகையின் இறுதித் தலைமுறையே 993 என்ற இலக்கத்தைக் கொண்டதாகும். புகை, இரைச்சல் ஆகியன தொடர்பான சட்டங்கள் இறுக்கமடைந்து வந்தமையால் அம்முறையைத் தொடர்வது கடினமாயிற்று. அதுமட்டுமன்றி, 1990களின் தொடக்கத்தில் விற்பனை வீழ்ச்சியினால் அந்நிறுவனம் பெரும் நிதி நெருக்கடியில் சிக்கியிருந்தது. செலவைக் குறைக்கும் நோக்குடன், விலை குறைந்த பொக்ஸ்ஸ்டர் காருடன் முன்பகுதியையும் பல உதிரிப்பாகங்களையும் பகிர்ந்துகொள்ளும் வகையில் அடுத்த 911 வடிவமைக்கப்பட்டது. 1997இல் வெளிவந்த 996 என்னும் அத்தலைமுறையின் எஞ்சின் தண்ணீரால் குளிர்விக்கப்பட்டது.

எந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தாலும் 996 முன்னையதைவிடச் சிறந்த வாகனமே. வேகம் கூடியது, உள்ளே இடவசதி கூடியது, ஓட்டுவதற்கும் இலகுவானது. பொதுவிதிப்படி 993இன் விலை விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்திருக்க வேண்டும். ஆனால் காலப்போக்கில் நிகழ்ந்தது வேறு. காற்றினால் குளிரும் 911 இனி ஒருபோதும் வரப்போவதில்லை என்ற எண்ணம் வலுப்பட வலுப்பட, அவ்வகையின் கடைசிக் கார் என்ற தகுதி 993க்குக் கிடைத்தது. மொத்த உற்பத்தியோ சுமார் 68 ஆயிரம். இன்று நல்ல நிலையிலுள்ள ஒரு 993 தன்னை விஞ்சி வந்த 996ஐவிடப் பல மடங்கு கூடிய விலைக்கு விற்கப்படுகிறது. 2018இல், உற்பத்தி நின்று இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர், எஞ்சியிருந்த அசல் உடற்கூடு ஒன்றிலிருந்து 993 டர்போ ஒன்றை அந்நிறுவனமே புதிதாகக் கட்டி ஏலத்தில் விட்டபோது அதற்கு 27 இலட்சம் யூரோ கிடைத்தது. அது ஓர் அறக்கட்டளைக்காக நடத்தப்பட்ட விற்பனை. சாதாரண 993க்கு எவரும் அவ்விலையைத் தருவதில்லை. ஆயினும் காற்று எவ்வழியில் வீசியது என்பதை அது காட்டுகிறது.

996இன் கதை இதற்கு நேர்மாறானது. அதன் முன்விளக்குகளைப் பொரித்த முட்டை என்று கேலி செய்தார்கள். எஞ்சினின் உள்ளேயுள்ள இடைத்தண்டின் பெயாரிங் பழுதடைந்தால் முழு எஞ்சினுமே நாசமாகிவிடும் என்ற குறைபாடும் வெளிவந்து, அமெரிக்காவில் வழக்கு வரை சென்றது. எல்லாக் கார்களிலும் இது நிகழவில்லை என்றபோதிலும் அச்சம் எல்லாக் கார்களின் விலையையும் பாதித்தது. 2004இல் வெளிவந்த அடுத்த தலைமுறையான 997 மீண்டும் வட்ட வடிவ விளக்குகளுடன் வந்தபோது, முன்னையது ஒரு தவறு என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது போலாயிற்று. அன்று தொட்டு நீண்ட காலம் வரை, வாங்கக்கூடிய 911களுள் மிக மலிவானதாக 996 இருந்து வந்தது. இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதே 996இன் ஜி.ரி.3, டர்போ ஆகிய வகைகளில் பந்தயக் கார்களின் வழிவந்த வேறொரு எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. பெயாரிங் பிரச்சினை அதற்கில்லை. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றாயினும் அவற்றின் விலை அந்த அளவுக்கு விழவில்லை. ஒரே தலைமுறை, ஒரே விளக்குகள், இருவேறு விதிகள்!

இவற்றிலிருந்து ஒன்றை நாம் ஊகிக்கலாம். புதிய மொடல் பழையதற்கு என்ன செய்யும் என்பது, புதியது எதனைக் கொண்டுவருகிறது என்பதைக் காட்டிலும் எதனை எடுத்துச் செல்கிறது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. இது மேலும் இருமுறை நிகழ்ந்தது. 2011இல் வந்த 991இல் ஸ்டியரிங்குக்கு ஹைட்ரோலிக் உதவிக்குப் பதிலாக மின்மோட்டார் வைக்கப்பட்டது. உடனே வீதியின் தன்மையைக் கைகளால் உணரக்கூடிய கடைசி 911 என்ற பெயர் 997க்கு வந்து சேர்ந்தது. 2015இல் சாதாரண 911 கரேரா வகைகள் யாவும் டர்போ எஞ்சினுக்கு மாறின. அதற்கு முந்திய 991கள் இன்று டர்போ இல்லாதவை என்றே விளம்பரம் செய்யப்படுகின்றன. விற்பவரின் வாயில் ‘கடைசி’ என்ற சொல் வந்துவிட்டால் வாங்குபவர் தமது பணப்பையைச் சற்று இறுகப் பற்றிக்கொள்வது நல்லது.

ஏனெனில் ‘கடைசி’ என்று எண்ணப்பட்டது கடைசியாக இல்லாமற் போவதுமுண்டு. 2013இல் வெளிவந்த 991 ஜி.ரி.3 காருக்கு ஓட்டோ கியர் மாத்திரமே வழங்கப்பட்டது. கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றுவதில் இன்பம் காண்போர் இதனால் பெரிதும் அதிருப்தியுற்றனர். இந்நிலையில் 2016 மார்ச்சில் ஜெனீவாவில் 911 ஆர் என்னும் விசேட வகை அறிமுகமாயிற்று. கைகியர், பெரிய பின்னிறகு இல்லாத எளிய தோற்றம், 500 குதிரைவலு. எண்ணிக்கையோ 991 மாத்திரமே. 918 ஸ்பைடர் என்ற விலையுயர்ந்த காரை ஏற்கெனவே வாங்கியிருந்தோருக்கே முதல் வாய்ப்பு அளிக்கப்பட்டது. அமெரிக்காவில் நிர்ணயிக்கப்பட்ட விலை 1,84,900 டொலர். சில மாதங்களுக்குள்ளேயே ஐந்து இலட்சம் டொலருக்கும் மேலாக அது கைமாறத் தொடங்கியது. ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட கார், ஓடாமலே கைக்குக் கை போயிற்று.

அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே ஜெனீவாவில் புதிய ஜி.ரி.3 கைகியருடன் வந்தது. செப்டெம்பரில் பிராங்பேர்ட்டில், நிலையான பின்னிறகை நீக்கிய ‘டூரிங்’ வகையும் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜி.ரி.3இன் ஆரம்ப விலை 1,43,600 டொலர். இறகை நீக்குவதற்கு மேலதிகக் கட்டணம் எதுவுமில்லை. எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. 911 ஆர் காரின் உச்ச விலை வெகுவாகச் சரிந்தது. அந்த 991 கார்களிலும் எதுவும் மாறிவிடவில்லை. எடை கூடவில்லை, வேகம் குறையவில்லை. வேறெங்கும் கிடைக்காதது என்ற ஒரே தகுதியே போயிற்று. நிர்ணய விலைக்கு வாங்கியவருக்கு இதில் நட்டமில்லை. அவரிடமிருந்து இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ, உச்ச விலைக்கு, அதுவும் கடன்பட்டு வாங்கியவரே அடிபட்டார். சில ஆண்டுகளின் பின்னர் விலை மீண்டும் ஏறியது என்பது உண்மையே. ஆனால் கடன்காரன் சில ஆண்டுகள் பொறுத்திருப்பானா?

இத்தகைய கைமாற்று வியாபாரத்தை உற்பத்தியாளர்கள் விரும்புவதில்லை என்று கூறப்படுவதை முழுமையாக நம்ப எமக்குத் தயக்கமுண்டு. பழையதன் விலை உயர்ந்து நிற்பது புதியதை விற்பதற்கு நல்லதொரு விளம்பரமல்லவா? எனினும் 2023இல் 911இன் அறுபதாம் ஆண்டை முன்னிட்டு வெளியிடப்பட்ட, 1,963 எண்ணிக்கைக்கு மட்டுப்படுத்தப்பட்ட 911 எஸ்/ரி காரை அமெரிக்காவில் பெற்றவர்கள், முதல் ஓராண்டுக்கு அதனைக் குத்தகை அடிப்படையிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டதையும் குறிப்பிட்டாக வேண்டும். குத்தகைக் காரை உடனே விற்க இயலாது.

ஜப்பானியக் கார்களிலும் இதே போக்கைக் காணலாம். 2002இல் உற்பத்தி நின்ற டொயோட்டா சூப்ரா 2019இல் மீண்டும் வந்தபோது, அதன் எஞ்சினும் அடிப்படைக் கட்டமைப்பும் பி.எம்.டபிள்யூ நிறுவனத்துடன் பகிரப்பட்டவையாக இருந்தன. தொடக்கத்தில் கைகியரும் இல்லை. புதியது மோசமான காரன்று. ஆயினும் முழுக்க டொயோட்டாவின் எஞ்சினைக் கொண்டிருந்த பழைய சூப்ராவின் மதிப்பை அது குறைப்பதற்குப் பதிலாக நினைவூட்டியே விட்டது. 2001இல் வெளிவந்த ஹொலிவூட் திரைப்படமொன்றில் ஓடிய செம்மஞ்சள் நிறச் சூப்ரா 2021இல் ஐந்தரை இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. ஹொண்டாவின் என்.எஸ்.எக்ஸ் காருக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. 2016இல் வந்த இரண்டாம் தலைமுறை மின்மோட்டார்களும் துணைநிற்க எவ்வளவோ வேகமாக ஓடியது. 2022இல் உற்பத்தியும் நின்றது. தேடப்படுவதோ 1990இல் தொடங்கிய முதல் தலைமுறையே.

மின்சாரக் கார்களுக்கு வரும்போது பொதுவிதி தன் முழுக் கடுமையுடன் திரும்பிவிடுகிறது. போர்ஷே 2019இல் அறிமுகப்படுத்திய டைகான் மின்சாரக் கார் 2024இல் புதுப்பிக்கப்பட்டபோது, ஒருமுறை மின்னேற்றினால் ஓடக்கூடிய தூரம் 35 வீதம் வரை கூடி 678 கிலோமீற்றர் வரை எட்டியது. மின்னேற்றும் வேகமும் அதிகரித்தது. ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த பழைய டைகான்களின் விலைக்கு இது எவ்வகையிலும் உதவவில்லை. புதியது எதனையும் எடுத்துச் செல்லவில்லை, கூட்டியே தந்தது. பழையதில் ஏங்குவதற்கு ஒன்றுமில்லாதபோது அது பழைய கைத்தொலைபேசியின் நிலையையே அடைகிறது. பற்றரி எவ்வளவு காலம் உழைக்கும் என்ற ஐயம் வேறு வாங்குவோரைத் தடுக்கிறது.

பெற்றோல் எஞ்சின் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்கள் யாவுமே இனி ‘கடைசி’ ஆகிவிடும் என்ற எதிர்பார்ப்பில் அவற்றைச் சேமிப்புப் போல வாங்கிவைப்போர் பெருகியமைக்கும் இதுவே காரணம். 718 பொக்ஸ்ஸ்டர், கேமன் கார்களுக்குப் பதிலாக மின்சாரக் கார்களே வரவுள்ளதாக அறிவிக்கப்பட்டிருந்தமையால் அவற்றிலும் பலர் பணத்தை இட்டனர். 2025இல் அவற்றின் உற்பத்தியும் நின்றது. ஆனால் அதே ஆண்டில், மின்சாரக் கார்களுக்கான கேள்வி எதிர்பார்த்த அளவு இல்லாமையால் தனது திட்டங்களை மாற்றிய நிறுவனம், 718இன் மேல்மட்ட வகைகளில் பெற்றோல் எஞ்சினும் தொடரும் என்று அறிவித்தது. 911 ஆர் காரை உச்ச விலைக்கு வாங்கியோர் 2017இல் கேட்ட அதே செய்தியை, வேறு சிலர் எட்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டனர். அறிவிக்கப்பட்ட அக்கார் உண்மையில் வீதிக்கு வந்து, அதில் கைகியர் உண்டா இல்லையா என்பது தெரியவரும் வரை, 718க்கு இன்று கேட்கப்படும் கூடுதல் விலைகளை நிலையானவையாகக் கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை.