புதுக் காவலரும் பொதுமக்களும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகிறவர்கள் பயிற்சிப் பள்ளியில் சட்டம் படித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். ஆனால் நேராகக் காவல் நிலையத்துக்கு வருவதில்லை. ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல் படையிலோ சில வருடம் பந்தோபஸ்து பார்த்த பிறகே அந்த வாய்ப்பு. அதற்குள் படித்ததில் பாதி மறந்திருக்கும். மீதியை ஏட்டய்யா தன் பாணியில் சொல்லிக் கொடுப்பார். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. காவலரின் நடத்தை பற்றி மக்கள் அடிக்கடி கேட்கும் சில சந்தேகங்களை இங்கே பார்க்கலாம்.

மேலதிகாரி ‘அடி’ என்றால் புதுக் காவலர் என்னதான் செய்ய முடியும்? மறுத்தால் வேலை போய்விடாதா?

கீழ்ப்படிய வேண்டியது சட்டப்படியான உத்தரவுக்கு மட்டும்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 14-வது பிரிவு தருகிற பாதுகாப்பு, சட்டம் தன்னைக் கட்டாயப்படுத்தியதால் ஒன்றைச் செய்தவருக்கு உரியது. ‘இன்ஸ்பெக்டர் சொன்னார், செய்தேன்’ என்பவருக்கு அது பொருந்தாது. போலி என்கவுன்ட்டர் தொடர்பான பிரகாஷ் கதம் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டது. ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை சிறை.

அடித்து வாங்கும் வாக்குமூலத்தால் என்ன பயன்? போலீசிடம் தந்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அதை வைத்து மீட்கும் நகையோ கத்தியோ சாட்சியமாகச் செல்லும். அடிக்கத் தூண்டுவது இந்தச் சந்துதான் என்பது என் கருத்து. நகை கிடைத்தால் பாராட்டு தனிப்படைக்கு. ஆள் இறந்தால் வழக்கு கடைநிலைக் காவலர் மேலும்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் போலீசாரால் தாக்கப்பட்ட தந்தை ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ் இறந்த வழக்கில் இன்ஸ்பெக்டரோடு சாதாரணக் காவலர்களும் கூண்டில் நின்றார்கள். திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் 2025 ஜூனில் விசாரணையின்போது இறந்தார். முதலில் கைதான ஐந்து பேரும் தனிப்படைக் காவலர்கள், டி.எஸ்.பி. சஸ்பெண்டானார்.

மறுக்கவே முடியாதா என்றால், அதே சாத்தான்குளம் நிலையத்தில் அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், தான் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலமாகவே கொடுத்தார். பயந்துகொண்டேதான் கொடுத்தார். இன்று பயிற்சிப் பள்ளிகளில் பாடமாக வைக்க வேண்டியது அதைத்தான்.

புகார் கொடுக்கப் போனால் ‘எங்கள் எல்லை இல்லை’ என்கிறார்களே?

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும். இதைத்தான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்கிறார்கள். நகலை இலவசமாகத் தர வேண்டும். ஜெராக்ஸ் செலவுக்குக்கூடக் காசு கேட்கக் கூடாது. 3 ஆண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம்.

கையில் சி.எஸ்.ஆர். ரசீதைத் திணித்து அனுப்புவது நம் ஊர் வழக்கம். மனு வந்ததற்கு அது அத்தாட்சி, அவ்வளவே, எஃப்.ஐ.ஆர். ஆகாது. நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டை நாடலாம். பாலியல் வன்முறை போன்ற சில குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

‘விசாரணை இருக்கிறது, ஸ்டேஷனுக்கு வாங்க’ என்று போனில் கூப்பிடுகிறார்கள். போகத்தான் வேண்டுமா?

முதலில், எந்த முறையில் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். சாட்சியாக என்றால் எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண், எந்த வயதுப் பெண், மாற்றுத்திறனாளி, கடும் நோயாளி ஆகியோரை வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பி நிலையத்துக்கு வந்தால் தடையில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-வது பிரிவு நோட்டீஸ். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது என 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போனில் கூப்பிடும் புதுக் காவலர் பெரும்பாலும் ரைட்டர் சொன்னதைச் சொல்கிறவர். அவரிடம் சண்டை போடாமல், ‘நோட்டீஸ் கொடுங்க சார், வருகிறேன்’ என்றால் போதும்.

மப்டியில் வந்து பிடிக்கிறார்கள். போலீஸ்தானா என்று எப்படித் தெரியும்?

கைது செய்கிற காவலர் யாராயினும் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்கிறது அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 36-வது பிரிவு. மப்டிக்கு விலக்கு எதுவும் அதில் இல்லை. அங்கேயே கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதிப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட, கைதானவரும் கையெழுத்திட வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள்தான் இப்படிச் சட்டத்தில் ஏறின. சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்ய வேண்டுமென்றால் அதற்குத் தவிர்க்க முடியாத காரணம், பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி மூன்றும் வேண்டும்.

வயதுக்குக்கூட மரியாதை தராமல் ‘வாடா, போடா’ என்கிறார்களே, அதற்கும் விதி உண்டா?

உண்டு. மக்களிடம் மரியாதையாக நடந்துகொள்வது காவல்துறை நடத்தை விதிகளின் அடிப்படை. கேரளத்தில் ‘எடா, எடி’ என்று அழைப்பதை 2021-ல் உயர் நீதிமன்றமே கண்டித்து, டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையைத் தமிழக அரசு 1979-லேயே ஒழித்தது. ஆனாலும் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது இன்னும் தொடர்வதைக் கண்டிக்க வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டிவிட்டுப் பாரா டியூட்டிக்கு வருகிறவரிடம் கனிவை எதிர்பார்ப்பது கஷ்டம்தான். அதற்காக வாசலில் நிற்கும் மனுதாரர் திட்டு வாங்க வேண்டியதில்லை.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வருகிறவர் ‘பார்த்துச் செய்யுங்க’ என்கிறார். கொடுத்தால் நாமும் குற்றவாளியா?

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புப் போலீசிடம் போவது உத்தமம். அவர்கள் நோட்டில் பினாப்தலீன் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். வாங்கியவருக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை. ஐந்நூறு ரூபாய்க்கும் இதே பிரிவுதான்.

காவலர்கள் சங்கம் வைக்கலாமா, பத்திரிகைக்குப் பேசலாமா?

அனுமதியின்றி முடியாது. 1966-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

நிலையத்தில் தவறாக நடத்தப்பட்டால் எங்கே போவது?

எஸ்.பி. அல்லது கமிஷனரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, அதற்கு ஒப்புகை வாங்குங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். கையோடு சி.சி.டி.வி. பதிவையும் கேளுங்கள். பதிவுகளை 18 மாதம், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் நிலையத்துக் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். அதனால் தாமதிக்க வேண்டாம். மனுவில் தேதி, நேரம், காவலரின் பெயர்ப்பட்டையில் இருந்த பெயர் மூன்றையும் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி தனி வரியில் கேளுங்கள்.