குலு பள்ளிக்கூடத்தில் ஓர் எக்கோ

நோயும் ஊரும் – 17

வகுப்பறை பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு மேஜையைப் போட்டால் போதும், பரிசோதனைக் கூடம் தயார். பிள்ளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். நெஞ்சில் ஜெல்லியைத் தடவியதும் சில்லென்று இருக்கும், நெளிவார்கள். கையடக்க எக்கோ கருவியின் முனையை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்துச் சற்றே திருப்பினால், சின்னத் திரையில் இதயம் கறுப்பு வெள்ளையாகத் துடிக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் ரத்த ஓட்டத்துக்கு நிறம் வந்துவிடும்: முனையை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம்.

வால்வு சரியாக மூடவில்லை என்றால் ரத்தம் வந்த வழியே திரும்பிப் பீய்ச்சும். அந்தப் பீய்ச்சலின் நீளத்தைத்தான் அளக்க வேண்டும். முப்பது கிலோவுக்குக் குறைந்த பிள்ளை என்றால் 1.5 சென்டிமீட்டர், அதற்கு மேல் என்றால் 2 சென்டிமீட்டர். ஈரிதழ் வால்வில் கசிவு அந்த அளவைத் தொட்டால் பிள்ளையை அடுத்தகட்டச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

உகாண்டாவின் வடக்கே இருக்கும் குலுவில் இந்தக் கருவியை நர்ஸ்களின் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். இதய மருத்துவர்களோடு ஒப்பிட்டபோது, நோயுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேரை அவர்கள் சரியாகப் பிடித்துவிட்டார்கள். அந்த முடிவு 2016இல் இதயவியல் இதழ் ஒன்றில் வெளியானது. குறுகிய காலப் பயிற்சி பெற்ற நர்ஸுக்கு இது சாதாரண விஷயமில்லை.

தேடிய நோய் ருமாட்டிக் இதயநோய். தொடக்கம் வெறும் தொண்டைவலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோடு சண்டைக்குப் போன உடம்பின் காவல்படை, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த இதய வால்வையே தாக்குகிறது. பல வருடம் கழித்துப் படியேறும்போது மூச்சு வாங்கும். பல பெண்களுக்கு முதல் பிரசவத்தின்போதுதான் விஷயமே தெரியவரும். பணக்கார நாடுகளில் இந்த நோய் கிட்டத்தட்ட மறைந்துவிட்டதால், அதை ஆராய்கிறவர்களும் அங்கே மறைந்துவிட்டார்கள். நோய் இருக்கும் இடத்தில் ஆய்வாளர் இல்லை, ஆய்வாளர் இருக்கும் இடத்தில் நோய் இல்லை.

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்கு இதய ஆய்வு புதிதல்ல. 1924 முதல் இருக்கும் மக்கரேரே மருத்துவக் கல்லூரியும் அதையொட்டிய முலாகோ மருத்துவமனையும் ஒரு காலத்தில் வெப்பமண்டல மருத்துவத்தின் பெரிய முகவரிகள். இதயத்தின் உட்சுவர் தடித்து நாராகிப்போகும் எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோஸிஸ் என்ற நோயை 1948இல் டேவிஸ் என்ற மருத்துவர் அங்கிருந்துதான் எழுதினார். பின்னாளில் கேரளத்திலும் அதே நோய் நிறையப் பேருக்கு இருப்பது தெரிந்தது. 1959இல் ஆய்வாளர்கள் ஷேப்பரும் ஜோன்ஸும் ‘லான்செட்’டில் எழுதிய கட்டுரை, உகாண்டாவின் ஆப்பிரிக்கர்களையும் அங்கு குடியேறிய இந்திய வம்சாவளியினரையும் ஒப்பிட்டது. அந்த இந்தியர்களுக்குக் கொழுப்பும் மாரடைப்பும் அதிகம். ஆப்பிரிக்கர்களிடம் மாரடைப்பு அபூர்வம்.

இத்தனை சிறப்பிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். 1972இல் சர்வாதிகாரி இடி அமீன் ஆசியர்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு வைத்து விரட்டினார். அதைச் சுற்றிய வருடங்களில் பேராசிரியர்களும் மருத்துவர்களும் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். ஷேப்பர் அதற்கு முன்பே கிளம்பி, பிரிட்டனில் 7,735 ஆண்களின் இதயத்தைப் பல்லாண்டு பின்தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வைத் தொடங்கினார். கம்பாலாவில் கற்ற பாடம் லண்டனுக்குப் பயன்பட்டது என்று சொன்னால் மிகையில்லை. முலாகோவில் மிஞ்சியவை நோயாளிகளும் பழைய கோப்புகளும்தான்.

திரும்பக் கட்டுவதற்கு நாளானது. முலாகோவுக்குள்ளேயே 1988இல் உகாண்டா இதய நிறுவனம் தொடங்கியது. திறந்த இதய அறுவை சிகிச்சை அங்கே சாத்தியமானது 2007இல்தான். அதுவரை வசதியும் தொடர்பும் உள்ளவர்கள் வெளிநாட்டுக்கு, பெரும்பாலும் இந்தியாவுக்கு, பறந்தார்கள். இன்றும் பறக்கிறார்கள்.

ஆய்வாளர்களை உருவாக்கும் வேலைக்கு 2010இல் ஒரு வழி பிறந்தது. ஆப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அமெரிக்க அரசு அறிவித்த பெரும் நிதித் திட்டத்தில் மக்கரேரேயும் இருந்தது. இதயநோய்க்கென்று தனியாக ஒரு கிளையும் அதில் அமைந்தது. திட்டத்தின் பணம் நேராக ஆப்பிரிக்கக் கல்லூரிக்கே வந்தது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் கூட்டாளியாக மட்டும் உட்கார்ந்தது. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் கேள்வியை யார் கேட்பது என்பதைப் பணம் யார் பையில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இளம் மருத்துவரை நான்கு வருடம் அமெரிக்காவுக்கு அனுப்பினால், அங்குள்ள நோயைப் படித்துவிட்டு அங்கேயே தங்கிவிடுவதற்கு எல்லாக் காரணமும் அவருக்கு உண்டு. சொந்த வார்டில் தினமும் பார்க்கும் நோயையே ஆய்வுப் பொருளாக எடுத்தால், அவர் அங்கேயே இருப்பதற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது.

உகாண்டா இதய நிறுவனத்தின் எம்மி ஒகெல்லோ அப்படித் தொடங்கியவர்தான். வெளிநாட்டு மருத்துவர் வந்து கேட்டிருக்க வாய்ப்பில்லாத கேள்வியை அவரும் சகாக்களும் கேட்டார்கள்: இந்த நோய் எந்த வீட்டுக்குள் நுழைகிறது? நெருக்கடியான வீடும் வேலையின்மையும் நோயோடு சேர்ந்தே வருகின்றன என்று 2012இல் எழுதினார்கள். அதே ஆண்டு கம்பாலாவில் 4,869 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்த முடிவும் வெளியானது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டதில் சிக்கியதைப் போல மூன்று மடங்கு நோயை எக்கோ காட்டிக்கொடுத்தது.

கண்டுபிடித்தாகிவிட்டது, அடுத்து என்ன செய்வது? அறிகுறியே இல்லாத பிள்ளைக்கு மாதந்தோறும் பென்சிலின் ஊசி போடலாமா? பென்சதீன் பென்சிலின் வெள்ளைப் பொடி. தண்ணீரில் கலக்கினால் பால்போலக் கெட்டியாகும், ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். அதனால் தடித்த ஊசிதான் வேண்டும், அதுவும் இடுப்புத் தசையில் ஆழமாக. போட்டுக்கொண்ட பிள்ளை அன்று முழுக்க நொண்டும். பலன் இல்லையென்றால் அது வீண் கொடுமை. பலன் உண்டா இல்லையா என்பதற்கு அன்று உலகில் யாரிடமும் ஆதாரம் இருக்கவில்லை.

விடை தேடி 2018இல் குலுவில் ஓர் ஆய்வு தொடங்கியது. அச்சோலி மொழியில் அதன் பெயர் ‘குவோகோ அடுனு பா லுதினோ’, பிள்ளைகளின் இதயத்தைக் காப்பது என்று பொருள். இருபதாண்டு உள்நாட்டுப் போரில் ஊரே முகாம்களுக்குள் அடைந்துகிடந்த பகுதி அது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு எக்கோ எடுத்து, நோயின் தொடக்க நிலையில் இருந்த 818 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, மீதிப் பேருக்குக் கண்காணிப்பு மட்டும். இரண்டு வருடம் கழித்துக் கணக்கில் வந்தவர்கள் 799 பேர். எங்கும் எந்த ஆய்விலும் பாதியில் காணாமல்போகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும்.

ஊசி போட்டவர்களில் நோய் முற்றியது 3 பேருக்கு. போடாதவர்களில் 33 பேருக்கு. எந்தப் பிள்ளைக்கு ஊசி, எந்தப் பிள்ளைக்கு இல்லை என்று தெரியாத நிபுணர்களே எக்கோ படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஊரிலேயே ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. இதயத் துடிப்பு தாறுமாறாகும்போது ரத்தம் உறையாமல் தடுக்கப் புதிய மாத்திரைகள் வந்தபோது, பழைய வார்ஃபரின் காலாவதி என்றே பலரும் முடிவுகட்டினார்கள். பணக்கார நாட்டு ஆய்வுகளில் ருமாட்டிக் வால்வு சுருங்கியவர்களைச் சேர்க்கவே இல்லை. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோரை வைத்துச் சோதித்த முடிவு 2022இல் வந்தது. பழைய வார்ஃபரின் எடுத்தவர்களில்தான் சாவு குறைவு.

குறை இல்லாமல் இல்லை. குலு ஆய்வுக்கான பணத்தில் பெரும்பங்கு அமெரிக்க அறக்கட்டளைகளிலிருந்து வந்தது. அங்கே ஒரு கை குழாயை மூடினால் இங்கே சொட்டுவது நின்றுவிடும். பட்டம் பெற்றவருக்கு வேலையிடம், கெட்டுப்போன கருவிக்கு உதிரிபாகம், இதெல்லாம் உள்ளூர் அரசின் பொறுப்பு. தென்னாப்பிரிக்காவின் இதய மருத்துவர் போங்கானி மயோசி இதைப் புரிந்தவர். 14 நாடுகளின் 3,343 ருமாட்டிக் நோயாளிகளின் பதிவேட்டை உருவாக்கியவர் அவர். பத்து வருடத்தில் ஆயிரம் பிஎச்.டி. ஆய்வாளர்கள் என்று தன் நாட்டுக்கு இலக்கு வைத்தார். 2018 ஜூலையில், 51 வயதில் காலமானார்.

எக்கோவில் ருமாட்டிக் நோயை எப்படி அடையாளம் காண வேண்டும் என்ற உலக இதயக் கூட்டமைப்பின் விதிமுறை முதலில் 2012இல் வந்தது. அந்த ஆவணத்தின் முதல் பெயர் ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதிய போ ரெமென்யி. மேலே சொன்ன 1.5 சென்டிமீட்டர் கணக்கு, அதைத் திருத்தி எழுதிய 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது. அதன் முதல் பெயர் ஜோசலின் ருவெபெம்பெரா. உகாண்டா இதய நிறுவனத்தின் மருத்துவர்.

(தொடரும்)