கேட்டுக் கற்போம், கூடிக் கற்போம்

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. செவியாற் கேட்பதும் கேள்வி. ஐயத்தை வினவுவதும் கேள்வி. இவ்விரண்டும் ஒன்றுசேரும்பொழுதுதான் கல்வி நிறைவு பெறுகிறது. வானொலியும் கைபேசியும் இன்று கிராமங்களிலெல்லாம் பரவியுள்ளன. ஆனால் அவற்றின் வாயிலாகக் கேட்பவர்கள் பலராகவும், வினவுபவர்கள் சிலராகவுமே இருக்கின்றனர். இக்குறையை நீக்குவது எவ்வாறு என்பதை ஆராய்வோம்.

எல்லைப்புறத்தின் தேவை

ஓசூரை அடுத்துள்ள மூக்கண்டப்பள்ளி முன்பு தனி ஊராட்சியாக இருந்தது. இன்று அது 2019ஆம் ஆண்டில் அமைந்த ஓசூர் மாநகராட்சியில் அடங்கியுள்ளது. ஒரு புறம் தொழிற்சாலைகள். மறுபுறம் கர்நாடக எல்லை. சுற்றுக் கிராமங்களில் ராகியும் காய்கறிகளும் ரோஜாவும் பயிராகின்றன. இங்கே தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக வழங்குகின்றன. வீட்டில் பேசும் மொழி ஒன்று, பள்ளியில் படித்த மொழி வேறொன்று என்ற நிலையில் பலர் உள்ளனர். ஆலை வேலைக்கும் சென்று நிலத்தையும் கவனிப்போருக்குப் பகற் கூட்டத்துக்கு வர ஓய்வில்லை. அச்சிட்ட துண்டுப் பிரசுரம் எட்டாத இத்தகைய இடங்களிலும் மனிதக் குரல் எட்டும்.

பூனாவில் நடந்த பரிசோதனை

கனடா நாட்டில் 1941ஆம் ஆண்டிலேயே விவசாயிகள் அண்டை வீட்டாருடன் கூடி வானொலி கேட்டு விவாதிக்கும் மன்றங்கள் தோன்றின. படித்தல், கேட்டல், விவாதித்தல், செயற்படுதல் என்பதே அவற்றின் கொள்கை. நமது நாட்டில் இம்முறையை 1956ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் உதவியுடன் அகில இந்திய வானொலி பூனாப் பகுதியில் பரிசோதித்தது. சுமார் 150 கிராமங்களில் வானொலிக் கிராம மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 20 உறுப்பினர்கள் இருந்தனர். வாரம் இருமுறை, அரை மணி நேரம், மொத்தம் 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. நிகழ்ச்சி முடிந்ததும் உறுப்பினர்கள் விவாதித்தனர். அமைப்பாளர் அவர்களுடைய ஐயங்களை எழுதியனுப்ப, பின்னர் வானொலி அவற்றுக்கு விடையளித்தது.

இதனை ஆராய்ந்த பால் நியூராத் என்னும் அறிஞர் ஓர் உண்மையைக் கண்டார். வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களைவிட, மன்றம் இருந்த கிராமங்களிலேயே மக்களின் அறிவு மிகுதியாக வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் போதாது, கூடிப் பேசுதலும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

நமது மாநிலத்தின் அனுபவம்

தஞ்சை விவசாயிகளுக்கு இது புதிதன்று. ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி 1960களில் இடைவிடாது எடுத்துரைத்தது. அதனைக் கேட்டுப் பயிரிட்டவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு விட்டனர்.

அண்மைக் காலத்தில் தேனி மாவட்டத்தில் ‘விடியல்’ என்னும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த பெண்கள், காமன்வெல்த் கற்றல் அமைப்பின் ஆதரவுடன், கைபேசியில் வரும் குரற் செய்திகள் மூலம் ஆடு வளர்ப்பைக் கற்றனர். ஆடுகளை மேய்த்தவாறே கேட்கலாம். பிறகு தங்களுக்குள் பேசித் தெளியலாம். வேலையை விட்டு வகுப்புக்குச் செல்ல வேண்டியதில்லை.

மன்றம் நடத்தும் முறை

கைபேசி வைத்திருக்கும் 15 முதல் 20 பேர் ஒரு குழுவாகச் சேரலாம். ஆசிரியரோ, படித்த இளைஞரோ அமைப்பாளராக இருக்கலாம். வினவுவோர் தம் ஊர், பயிர், நட்ட நாள், கண்ட அறிகுறி ஆகியவற்றை இரண்டு நிமிடங்களுக்குள் தமக்குப் பழகிய மொழியில் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். உதாரணமாக, “கத்தரி நட்டு 40 நாட்களாயின. குருத்து வாடித் தொங்குகிறது. பிளந்து பார்த்தால் உள்ளே புழு இருக்கிறது” என்று கூறினால், அது தண்டு மற்றும் காய்த் துளைப்பான் என வேளாண் அலுவலர் எளிதில் அறிந்துகொள்வார். பயிர் வாடுகிறது என்று மட்டும் சொன்னால் யாரால் விடை கூற முடியும்?

வாரம் ஒரு மாலை அனைவரும் நேரில் கூடி, வந்த விடைகளை ஒலிபெருக்கியில் கேட்டு விவாதிப்பது அவசியம். வாடிய குருத்துகளைக் கிள்ளி அழிக்க வேண்டும், இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும் என்று விடை வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் செய்தால், அடுத்த வயலிலிருந்து அந்துப்பூச்சி மீண்டும் பறந்து வரும். எல்லோரும் சேர்ந்து செய்தாலன்றிப் பயனில்லை. கூடிக் கேட்பதன் சிறப்பு இங்கேதான் விளங்கும்.

எச்சரிக்கை

குரல் காற்றோடு போவது. எனவே அளவுகளை எழுதிக்கொள்ள வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் புட்டியின் மேலுள்ள சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தெளித்தல் கூடாது. கூறியவர் யார், கூறிய நாள் எது என்று தெரியாத செய்திகளைப் பிறருக்கு அனுப்பவும் கூடாது. ஐயமிருப்பின், 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அங்குப் பல இந்திய மொழிகளில் விடை கிடைக்கும்.

பஞ்சாயத்தின் கடமை

இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. மாலையில் ஓர் அறை, ஓர் ஒலிபெருக்கி, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். அவற்றைப் பஞ்சாயத்து அளிக்கலாம். குறிப்பேட்டில் எழுந்த வினாக்களையும், எடுத்த முடிவுகளையும், விளைந்த பயனையும் பதிந்து, கிராம சபையில் படித்துக் காட்டலாம். பெண்களும், எழுதப் படிக்க அறியாதோரும் முதலில் பேச வாய்ப்பளித்தல் மிகவும் முக்கியம். நீண்ட கால அனுபவம் அவர்களிடம் உள்ளது. அதனைச் சொல்ல எழுத்து தேவையில்லை.

கருவிகள் காலத்துக்குக் காலம் மாறும். வானொலிப் பெட்டியின் இடத்தில் கைபேசி வந்தது. நாளை வேறொன்று வரலாம். அண்டை வயற்காரரோடு அமர்ந்து கேட்டு, வினவி, தெளிந்து, சேர்ந்து செய்யும் பழக்கம் மட்டும் நிலைபெறுமாயின், எந்தக் கருவி வந்தாலும் அது கிராமத்துக்குப் பயன்படும்.