மிளகு தேடிப் புறப்பட்ட கப்பல்கள்

திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டிகளும் மிளகாய் மூட்டைகளும் லாரி ஏறுகின்றன. சுற்றுவட்டாரக் காடுகளில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் விளைகின்றன. புகையிலையோ திண்டுக்கல்லுக்கே பேர் வாங்கித் தந்த பயிர்; இங்கே சுற்றிய சுருட்டு இங்கிலாந்து வரை போனது.

இந்த ஐந்துமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்.

அவை இங்கே வந்ததற்குக் காரணம் மிளகு. அரபு, வெனிஸ் வணிகர்களிடம் கைமாறி ஐரோப்பாவை அடைந்த மிளகு அங்கே கொள்ளை விலை. இடைத்தரகர்களை ஒதுக்கிவிட்டு நேரே வாங்க ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் கடலில் இறங்கின. மதம் பரப்பும் வேகமும் சேர்ந்துகொண்டது. 1492இல் ஆசியாவைத் தேடிய கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் கரையேறினார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். போர்ச்சுக்கீசியர் வழியே மிளகாய் இந்தியா வந்தது. அதுவரை நம் குழம்புக்குக் காரம் தந்தது மிளகுதான். சமவெளியிலேயே மலிவாக விளைந்த மிளகாய் அந்த இடத்தைப் பிடித்தது.

மிளகு வணிக லாபத்துக்காகச் சிந்திய ரத்தம் அதிகம். 1502இல் மீண்டும் வந்த காமா, மக்காவிலிருந்து திரும்பிய கப்பலை நூற்றுக்கணக்கான பயணிகளோடு எரித்தார். கோழிக்கோட்டைப் பீரங்கியால் தாக்கினார். தக்காளியையும் மக்காச்சோளத்தையும் பண்படுத்தி வளர்த்த மெக்சிகோ மக்களிடையே 1520இல் ஸ்பானியரோடு வந்த பெரியம்மை பரவியது. அந்நோயை அதற்குமுன் அறியாத அவர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள்.