தூரமும் நேரமும் – 9: பாஸ்டனிலிருந்து நாயுடுபுரத்துக்கு

கிழக்கே போகும் விமானத்தைக் காற்று உந்துவதையும், மேற்கே போகும்போது மறிப்பதையும் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் வானத்தைவிட்டுக் கொஞ்சம் தரைக்கு வருவோம்.

ஒரு முனையில் கொடைக்கானலை ஒட்டிய நாயுடுபுரம், மறுமுனையில் அமெரிக்காவின் பாஸ்டன். இந்த இரண்டையும் சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. கொடைக்கானல் நகரம் உருவானதே இந்தத் தூரத்தால்தான்.

1834இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தார்கள். காய்ச்சலும் காலராவும் அவர்களில் பலரைக் கொண்டுபோயின. உடம்பு தேறச் சொந்த ஊருக்குப் போகலாம் என்றால், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகும் பாய்மரக் கப்பல்தான் வழி. 1833 மே மாதம் பாஸ்டனில் பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘டஸ்கனி’ கல்கத்தா வந்துசேர்ந்தது செப்டம்பரில். நான்கு மாதம்! (பிறகு சென்னைக்கும் வந்த அந்தப் பனிக்கட்டியை வைக்கக் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.) படுத்த படுக்கையாகக் கிடப்பவரை நான்கு மாதம் கடலில் கொண்டுபோக முடியுமா? முதலில் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் பழனி மலையில், ஏழாயிரம் அடி உயரத்தில், இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். நகரம் அங்கிருந்து வளர்ந்தது.

இப்போது உலக உருண்டையில் ஒரு நூலை இவ்விரு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடியுங்கள். நூல் ஐஸ்லாந்தின் தென்கரையைத் தொட்டு, ஸ்காண்டிநேவியா, ரஷ்யா, மத்திய ஆசியா வழியாக இறங்கும். நீளம் ஏறக்குறைய 13,350 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 15 மணி நேரம். நேரடி விமானம் இல்லாததால், மாறி ஏறிக் காத்திருந்து மதுரை வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். நான்கு மாதம் ஒரு நாளாகிவிட்டது.

மலைப்பாதை அப்படிச் சுருங்கவில்லை. மதுரை விமான நிலையத்திலிருந்து வத்தலக்குண்டு, காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று ஏறி நாயுடுபுரம் சேர மூன்றரை மணி நேரமாவது வேண்டும். அதே மதுரையிலிருந்து கொழும்புக்குப் பறக்க ஒரு மணி நேரம் போதும். பெரியகுளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கொடைக்கானலிலிருந்து நேர்க்கோட்டில் 14 கிலோமீட்டர்தான். காட்ரோடு வழியாகப் போனால் 70 கிலோமீட்டருக்கு மேல். அடுக்கம் வழியாகக் குறுக்குச் சாலை உண்டு. ஆனால் அது குறுகல், மழை வந்தால் மண் சரியும்.

சுற்றுலா வந்தவருக்கு இந்த நேரம் ஒரு பொருட்டில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வரலாம். மூளையில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டவருக்கோ நாலரை மணி நேரத்துக்குள் மருந்து ஏறியாக வேண்டும். தேனிக்கோ மதுரைக்கோ கொண்டுபோக வேண்டியிருந்தால், அதில் பெரும்பகுதி கொண்டை ஊசி வளைவுகளிலேயே கரைந்துவிடும். கோடை விடுமுறையில் வண்டிகள் மலையை அடைத்துக்கொள்கின்றன. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது நல்ல காரியம். ஆனால் நோயாளியைக் கீழே இறக்கும் நேரத்தை அது மட்டும் குறைத்துவிடாது. சாலையை அகலப்படுத்த மலையை வெட்டினால் சோலைக்காடும் போகும், மண்ணும் சரியும். நரம்பியல் மருத்துவரும் ஸ்கேன் வசதியும் இரவு பகலாக மலைமேலேயே இருக்க வேண்டும். நாயுடுபுரத்துக்காரர்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

(தொடரும்)