ஹர்ட்ஸ் ஏன் கிளம்பிப் போகவில்லை?

2018 ஜனவரி 8, அட்லாண்டா. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசிய இறுதியாட்டம். இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா 0. அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் அதுவரை எறிந்த 8 பந்துகளில் மூன்றுதான் தன் ஆள் கைக்குப் போயிருந்தது. கிடைத்தது மொத்தமே 21 யார்டு. கோச் நிக் சேபன் இடைவேளையிலேயே முடிவெடுத்துவிட்டார்: இரண்டாம் பாதிக்கு ஹர்ட்ஸ் வேண்டாம், முதலாமாண்டுப் பையன் டுவா டகோவைலோவா இறங்கட்டும்.

டுவா இறங்கினார். ஆட்டம் கூடுதல் நேரம் வரைக்கும் போனது. அங்கே 41 யார்டு தூரத்துக்கு ஒரு எறி, டிவோன்டா ஸ்மித் பிடித்தார், 26-23 என்று அலபாமா சாம்பியன். ஹர்ட்ஸும் சாம்பியன் அணியில்தான் இருந்தார். ஆனால் அவர் இடம் போய்விட்டது என்பது அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

இந்தக் கதையை "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்கிற ரகத்தில் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். அதில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதி விதிமுறைக் கணக்கு. அதைப் புரிந்துகொள்ளாமல் ஹர்ட்ஸ் என்ன விலை கொடுத்தார் என்பது தெரியாது.

முதலில் ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது காலால் உதைக்கிற நம்ம ஊர்க் கால்பந்து இல்லை. கையில் பந்தை வைத்துக்கொண்டு ஓடியும் எறிந்தும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுகிற ஆட்டம். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேருவது குவார்ட்டர்பேக்கிடம். எறிவதா, பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று மூன்று நான்கு நொடிக்குள் தீர்மானிக்க வேண்டியவர் அவர். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கலாம். இந்த இடத்துக்கு ஒருத்தர்தான். கிரிக்கெட்டில் இரண்டாவது விக்கெட் கீப்பரையாவது வெறும் பேட்ஸ்மேனாக இறக்குவார்கள். இங்கே அந்த வழியும் பெரும்பாலும் கிடையாது. இரண்டாவது குவார்ட்டர்பேக் என்றால் கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர், அவ்வளவுதான்.

ஹர்ட்ஸ் ஒன்றும் சோடை போனவர் இல்லை. டெக்சாஸின் சேனல்வியூ ஊர்க்காரர். அப்பா ஏவரியான் ஹர்ட்ஸ் அங்கே பள்ளி அணியின் கோச். 2016இல் முதலாமாண்டிலேயே அலபாமாவின் தொடக்க குவார்ட்டர்பேக் ஆனார். அந்த சீசன் இறுதியாட்டத்தில் கிளெம்சனுக்கு எதிராக, இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சமிருக்கும்போது 30 யார்டு ஓடி டச்டவுன் போட்டு அணியை முன்னே கொண்டுபோனவர் அவர்தான். கிளெம்சன் கடைசி நொடியில் பறித்துக்கொண்டது, அது வேறு விஷயம். அந்த 2018 ஜனவரி ஆட்டத்தையும் சேர்த்து அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவை 28. வெற்றி 26. இப்படி ஒருவரைத்தான் உட்கார வைத்தார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். அன்றைய விதிப்படி ஒரு கல்லூரி வீரருக்கு ஐந்து வருடக் கெடு. அதற்குள் நான்கு சீசன் ஆடலாம். ஒரு சீசனில் இறங்கிவிட்டால் அது கழிந்தது. வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் சும்மா இருக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் உண்டு, சம்பளம் கிடையாது. இதில் ஒரே ஒரு சலுகை: டிகிரி முடித்துவிட்டு மேற்படிப்புக்கு மாறுபவர் உடனே ஆடலாம். 2018இல் இன்னொரு சலுகையும் வந்தது. நான்கு ஆட்டத்துக்கு மேல் இறங்காவிட்டால் அந்த சீசன் கணக்கில் சேராது.

ஹர்ட்ஸ் கையில் அப்போது இருந்தது இரண்டு சீசன். உடனே கிளம்பினால் ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு இரண்டையும் ஆடலாம். தொடக்க இடம் கிடைக்காவிட்டால் மகன் போகக்கூடும் என்று அப்பாவே பேட்டியில் கோடி காட்டியிருந்தார். அலபாமாவிலேயே இருந்து நான்கு ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டாலும் இரண்டும் பத்திரம். ஆனால் ஐந்தாவது ஆட்டத்தில் காலை வைத்தால் ஒன்று போயிற்று.

2018 செப்டம்பர் 29, லூசியானா அணியோடு ஐந்தாவது ஆட்டம். ஹர்ட்ஸ் இறங்கினார். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. சனங்களுக்கு அந்த விதி தெரிந்திருந்தது. தன் ஒரு வருடத்தை அவர் அந்த நிமிடம் செலவழிக்கிறார் என்று புரிந்துதான் தட்டினார்கள்.

அதே வாரம் கிளெம்சனில் கெல்லி பிரையன்ட் என்ற குவார்ட்டர்பேக் நேர் எதிரான முடிவை எடுத்தார். டிரெவர் லாரன்ஸ் என்ற புதுப்பையனிடம் இடத்தை இழந்தார். நான்கு ஆட்டம் முடிந்திருந்தது. கடைசி சீசனைக் காப்பாற்றிக்கொண்டு விலகி, அடுத்த ஆண்டு மிசௌரிக்குப் போனார். அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சம்பளமே இல்லாத இடத்தில் ஒருத்தன் தன்னிடம் மிச்சமிருக்கும் ஒரே சொத்தைக் காப்பாற்றிக்கொண்டான். கோச்சுகள் வேலை மாறினால் மட்டும் யாரும் அப்படிக் கேட்பதில்லையே.

ஹர்ட்ஸ் இருந்ததற்குக் கூலி டிசம்பர் 1 அன்று கிடைத்தது. தென்கிழக்கு மாநாட்டின் இறுதியாட்டம். அதே அட்லாண்டா, அதே மைதானம், எதிரே அதே ஜார்ஜியா. நான்காம் கால்பகுதியில் டுவாவுக்குக் கணுக்காலில் அடி. ஜார்ஜியா 28, அலபாமா 21. ஹர்ட்ஸ் வந்தார். ஜெர்ரி ஜூடிக்கு ஒரு டச்டவுன் எறிந்து சமன் செய்தார். ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது 15 யார்டு தானே ஓடிப்போய்ப் போட்டார். 35-28. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

ஆனால் அந்த மாதம் நடந்த இன்னொன்றுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது என்பேன். மூன்றே ஆண்டில் டிகிரியை முடித்துவிட்டார். அதனால் மிச்சமிருந்த ஒரு சீசனை, ஒரு வருடம் காத்திருக்காமல், உடனே வேறு இடத்தில் ஆட முடிந்தது. பட்டம்தான் கதவைத் திறந்தது.

போன இடம் ஓக்லஹோமா. தெரிந்துதான் போயிருக்கிறார். அங்கே கோச் லிங்கன் ரைலியிடம் ஆடிய பேக்கர் மேஃபீல்டும் கைலர் மர்ரேயும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள்; இருவரும் அடுத்தடுத்து ஹைஸ்மன் விருது வாங்கி, தொழில்முறை டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர்கள். ஹர்ட்ஸ்மேல் இருந்த குறை, நன்றாக ஓடுவார், எறிவது சுமார் என்பது. 2017இல் அவர் எறிந்ததில் 60 சதவீதம் போலத்தான் சேர்ந்தது. 2019இல் அது கிட்டத்தட்ட 70. எறிந்து 32 டச்டவுன், ஓடி 20. ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாமிடம். முதலிடம் ஜோ பர்ரோவுக்கு. அவரும் டிகிரி முடித்து ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து மாறி வந்தவர்தான். அதே பர்ரோவின் அணி அரையிறுதியில் 63-28 என்று ஓக்லஹோமாவை நொறுக்கியது. அதுவும் அட்லாண்டாவில், அதே மைதானத்தில்.

2021இலிருந்து எல்லாம் மாறிவிட்டது. ஒரு முறை மாறுவதற்குக் காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள். தன் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றார்கள். 2025இலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருகின்றன. இன்றைக்கு ஒரு ஹர்ட்ஸை இடைவேளையில் உட்கார வைத்தால், சில வாரங்களுக்குள் அவர் வேறு ஊரில் வேறு சட்டை போட்டிருப்பார். அது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐந்தாவது ஆட்டக் கைதட்டல் மாதிரி ஒன்று இனி வருமா என்பது சந்தேகம்.

2020 டிராஃப்டில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை 53ஆவது ஆளாக எடுத்தது. டுவா ஐந்தாவது ஆளாகவே போய்விட்டிருந்தார். அந்த சீசன் முடிவதற்குள், பெரிய ஒப்பந்தத்தில் இருந்த கார்சன் வென்ட்ஸை உட்கார வைத்துவிட்டு ஹர்ட்ஸை இறக்கினார்கள். இந்த முறை உள்ளே போனவர் இவர். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் 40-22 என்று சூப்பர் பவுல் ஜெயித்தபோது சிறந்த ஆட்டக்காரர் விருது ஹர்ட்ஸுக்கு. அன்று அவர் எறிந்த 46 யார்டு டச்டவுன் பந்தைப் பிடித்தவர் டிவோன்டா ஸ்மித்.